எல்லாவற்றுக்கும் சரி சொன்ன டீச்சர்

"எனக்குத் தெரியாது" என்று நான் ஒருமுறை பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் திண்டிவனத்தில் ஓர் ஆசிரியை வேலையை இழந்தார். நான் அதைச் சொன்னபோது அவர் எனக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், அவரைப் பற்றி இனி நான் எழுதப்போகிற சில வேடிக்கைகளைப் படித்துவிட்டு, எங்களுக்குள் ஏதோ இனிய நட்பு இருந்ததாக நீங்கள் நினைத்துவிடக்கூடும். அவர் பெயரை எழுதவில்லை. அதற்கான உரிமை எனக்கு இல்லை.

விழுப்புரத்தில் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு, இந்த வட்டாரத்தில் நர்சரி, பிரைமரி பள்ளிகளை நடத்திவந்த ஓர் அறக்கட்டளைக்குக் கல்வி ஆலோசகராக இருந்தேன். விழுப்புரத்தில் ஒரு பள்ளி, திண்டிவனத்தில் ஒன்று, மேல்மலையனூர்ப் பக்கம் ஒன்று. டீச்சர் திண்டிவனம் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்தார். குட்டையான உருவம். யாராவது பேச ஆரம்பித்தால் இவர் தலை ஆட ஆரம்பித்துவிடும். எதிரில் இருப்பவர் சொல்லி முடிப்பதற்குள் "சரிங்க" வந்துவிடும். அவர் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் சரி என்று சொன்னதில் எதைச் செய்வார், எதைச் செய்யமாட்டார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் பள்ளிக்கூட மீட்டிங் முடிந்து பஸ் ஏறப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கிளினிக்குக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தார்.

"என்ன டீச்சர், உடம்புக்கு என்ன?"

"சுகர் சார். டீயில சக்கரயே கூடாதுன்னுட்டாரு டாக்டரு."

"கையில என்ன அது?"

"டீதான். சக்கர தூக்கலா." சிரித்தார். "இப்பதான் உள்ள சரின்னு சொல்லிட்டு வர்றேன். முடியாதுன்னு சொன்னேன்னு வச்சிக்கோங்க, அந்த மனுஷன் இன்னும் பத்து நிமிஷம் பேசிக்கினு இருப்பாரு. வெளிய ஜனங்க எவ்ளோ நேரமா உக்காந்துகினு இருக்குதுங்க, பாவம் இல்ல?"

இன்னொன்று. ஒரு பையனின் அம்மா, தன் பிள்ளையை முதல் வரிசையில் உட்காரவைக்கச் சொன்னார். சரி என்றார். அதே நாளில் வேறு மூன்று பேரும் அதையே கேட்டார்கள். அவர்களுக்கும் சரி. எப்படிச் சமாளிக்கப்போகிறார் என்று பார்க்க மறுநாள் போனேன். பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இவர் ஒரு பாடத்தை வகுப்பின் பின்பக்கச் சுவரோரம் நின்று நடத்தினார், அடுத்ததை ஜன்னல் பக்கம் நின்று. "நான் எங்க நிக்கிறேனோ அதான் சார் முன்னாடி" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இதைப் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இந்தக் குணம் ஒருநாள் எனக்கும் பயன்படும் என்று அப்போது நினைக்கவில்லை.

பள்ளிகளுக்கு புத்தகம், பாட்டு, அட்டை, கையேடு எல்லாம் சேர்ந்த ஒரு வாசிப்புத் திட்டத்தைக் கம்பெனியிடமிருந்து வாங்க வேண்டும் என்று அறக்கட்டளையின் தாளாளர் முடிவெடுத்த வருஷம் அது. சுற்றியுள்ள பள்ளிகளெல்லாம் அரசு வகுத்த கற்றல் விளைவுகளுக்குப் பொருத்தமான பாடம் என்று பேனர் கட்டியிருந்தன. எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்புவரை எந்தத் திட்டம் நல்லது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கம்பெனிகள் வந்தன. ஒரு கம்பெனியிடம் ஓர் அட்டவணை இருந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைக்கு என்னென்ன படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அரசு சொல்வது இடது பக்கம். அதை அவர்கள் புத்தகத்தில் எந்தப் பக்கம் சொல்லித்தருகிறது என்று வலது பக்கம். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. வாழ்நாள் முழுக்க விடைத்தாள் திருத்தியவன் நான். எதையும் விடாமல் எழுதிய தாளைக் கண்டால் எனக்கு மதிப்பெண் போடத்தான் கை வரும்.

அது மட்டும் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அந்தக் கம்பெனிக்காரர்கள் என்னைச் சென்னையில் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். கல்வியாளர் என்று அறிமுகப்படுத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர்களுடைய பெரிய கதைப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி நான் நிற்கும் படம் அவர்கள் விளம்பரத்தில் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னைப் படம் பிடித்ததில்லை. அவ்வளவுதான் விஷயம்.

முதலில் ஒரு வருஷம் ஒரே ஒரு வகுப்பில் நடத்திப் பார்ப்பது, பிள்ளைகள் நன்றாகப் படித்தால் எல்லாப் பள்ளிகளுக்கும் வாங்குவது என்று முடிவானது. டீச்சரின் வகுப்பைத் தேர்ந்தெடுத்தேன். மீட்டிங்கில் அவர் அபிப்பிராயம் கேட்டேன். "ரொம்ப நல்லா இருக்குதுங்க சார்" என்றார். கம்பெனியிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த இளைஞன், கையேட்டில் அச்சிட்டிருந்ததைச் சொல்லச் சொல்ல, இவர் அப்படியே திருப்பிச் சொன்னார். "மேடம், உங்கள மாதிரி பத்து பேர் இருந்தா போதும் எங்களுக்கு" என்றான் அவன். "சரிப்பா" என்றார் இவர்.

மழை மாதத்தில் மயிலம் மலைக்கோயிலில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு, பக்கம்தானே என்று சொல்லாமல் கொள்ளாமல் திண்டிவனம் பள்ளிக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகளின் டிபன் பாக்ஸ்கள் எல்லாம் டீச்சர் மேஜையில் குவிந்திருந்தன. எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டித்தருவது நம் வழக்கம்தானே. காது குத்துக்கு அத்தை வாங்கித்தந்தது, கல்யாணத்துக்குப் பெரியப்பா சீர் வைத்தது என்று எல்லாப் பாத்திரத்திலும் ஏதோ ஒரு பேர் புள்ளி புள்ளியாக இருக்கும். தினமும் ஒரு பிள்ளை அந்தப் பேர்களைப் படித்துப் பாக்ஸைக் கொடுக்க வேண்டும் என்பது டீச்சர் வைத்த முறை. அன்றைக்கு முறைவந்த ஒரு சின்னப் பெண் ஒவ்வொரு மூடியையும் தூக்கி, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பேர் யாருடைய பாக்ஸ் என்று வகுப்புக்கே தெரிந்திருந்தது. "முனியம்மாள்" என்று அவள் படித்ததும் ஒரு பையன், "எங்க பாட்டி! எங்க பாட்டி!" என்று ஓடிவந்தான். இன்னொருவன், "ஜல்தி படிடி, பசிக்குது" என்று கத்தினான். தப்பாகப் படித்தால் மீன் குழம்பு சைவக்காரப் பிள்ளையிடம் போய்விடும். அதனால் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறை மூலையில் கம்பெனி அனுப்பிய பெட்டிகள். ஒன்றை மட்டும் பிரித்திருந்தார்கள். மற்றவற்றின் டேப்பைக்கூடத் தொடவில்லை. மேலே தண்ணீர் கேன் இருந்தது. பயிற்சி நூல்கள் அலமாரியில் கட்டுக் கட்டாக இருந்தன. புரட்டினேன். பிள்ளைகள் எதுவும் எழுதாத வெற்றுப் பக்கங்கள்.

"டீச்சர், இதை எப்பப் பிரிக்கிறதா உத்தேசம்?"

"பாத்துட்டீங்களா?" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "நல்லாத்தான் சார் இருக்குது, படமெல்லாம். ஆனா ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஒரு பாட்டு. நாளைக்கு வேற பக்கம், வேற பாட்டு. இன்னிக்கு லீவு போட்ட புள்ள நாளைக்கு வந்தா அதுக்கு எந்தப் பக்கம்? நானும் தேடிப் பாத்துட்டேன், எங்கயும் போடல."

"இதை மீட்டிங்கிலேயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அவ்ளோ ஆசையா பேசிக்கினு இருந்தீங்களே சார்."

அந்தத் திட்டம் மோசமானது என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். பொறுமையாகத் திரும்பத் திரும்ப நடத்த ஆள் இருந்தால் அதிலும் பிள்ளைகள் படித்திருப்பார்கள். ஆனால் இந்த வகுப்பில் அது நடக்கவே இல்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. தாளாளருக்கு ஒரு போன் செய்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் செய்யவில்லை. விளம்பரத்தில் என் படம் வந்துவிட்டது. "பசங்க படிச்சாப் போதும். இதை யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றேன்.

"சரிங்க சார்" என்றார்.

வருஷக் கடைசியில் நானே பரீட்சை வைத்தேன். பிள்ளைகள் முன்பின் பார்க்காத பாடத்தைத் தடவித் தடவியாவது படித்தார்கள். திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதினேன். எல்லாப் பள்ளிகளுக்கும் வாங்கினார்கள். திண்டிவனம் உட்பட எல்லாப் பள்ளிக் கட்டணத்திலும் அந்தப் புத்தகங்களுக்கான பணமும் சேர்ந்தது.

அதோடு நிற்கவில்லை. மற்றப் பள்ளி ஆசிரியைகளை மாதிரி வகுப்பு பார்க்கத் திண்டிவனத்துக்கு அழைத்துவந்தேன். டீச்சர் அந்த ஒரு பெட்டியில் இருந்த பெரிய புத்தகத்தை விரித்து, பாட்டுப் பாடி, அட்டை காட்டி, கையேட்டில் உள்ளபடி ஒரு வார்த்தை பிசகாமல் நடத்தினார். பிள்ளைகளுக்கு அது புது விளையாட்டு. குதித்துக் குதித்துப் பாடினார்கள். முடிந்ததும் மேல்மலையனூர்ப் பக்கப் பள்ளியின் இளம் ஆசிரியை ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, எங்க ஊருல அமாவாசைன்னா கோயில் கூட்டம். கடை போட்டிருக்கிற வீட்டுப் பசங்க முந்தின நாளும் வராது, மறுநாளும் வராது. நெலத்துல மல்லாட்டை புடுங்கற நேரத்துல இன்னும் மோசம். அந்தப் பக்கமெல்லாம் என்னாக்கா பண்றது?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"புக்குல எப்டி போட்டிருக்குதோ அப்டியே பண்ணும்மா. வரும்" என்றார்.

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் இன்றும் கோபம் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று கண்டுபிடித்தவரே அவர்தான். என்னை விடுங்கள், அந்தப் பெண்ணையாவது ஓர் ஓரமாக அழைத்துப்போய், "இதை நம்பாதே" என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணின் வகுப்பிலும் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் சொல்லாதே என்று அவர் வாயைக் கட்டியவன் நான். என் கோபம் கொஞ்ச தூரம் போய்விட்டு என்னிடமே திரும்பி வந்துவிடும்.

அடுத்த வருஷம், மேல்மலையனூர்க் கோயில் வாசலில் எலுமிச்சம்பழ மாலை விற்கிற ஒருவர் தன் மகளை அழைத்துக்கொண்டு விழுப்புரம் ஆபீஸுக்கு வந்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. மேஜையில் கிடந்த செய்தித்தாளை அவள் முன்னால் நகர்த்தினார். அவள் தலைப்பில் விரலை வைத்தாள். விரலை நகர்த்திக்கொண்டே, திட்டத்தில் இருந்த யானைப் பாட்டைப் பாடினாள். பாடி முடித்து, தாளாளரையும் என்னையும் நிமிர்ந்து பார்த்தாள். நாங்கள் கைதட்டுவோம் என்று காத்திருந்தாள்.

"பாட்டு பாடுது சார்" என்றார் அவர். "படிக்க மாட்டேங்குது."

அவர் மட்டும் அல்ல, இன்னும் பல பெற்றோர் வந்தார்கள். தாளாளர் கம்பெனியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். கம்பெனி மேலாளர் திண்டிவனம் போய், வருஷம் மாறியும் பிரிக்காமல் கிடந்த பெட்டிகளையும் வெற்றுப் பயிற்சி நூல்களையும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு நல்லதாகப் போயிற்று. குற்றம் திட்டத்தின்மேல் இல்லை, அதை நடத்திப் பார்த்த விதத்தின்மேல் என்றாகிவிட்டது.

தாளாளர் அறையில் நாங்கள் நான்கு பேர். டீச்சர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"புரொஃபசர் சார், உங்க ரிப்போர்ட்ட நம்பித்தான் எல்லா ஸ்கூலுக்கும் வாங்கினேன். இந்த அம்மா பெட்டியப் பிரிக்கவே இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது."

தாளாளர் டீச்சர் பக்கம் திரும்பினார். "இவ்ளோ படிச்ச மனுஷனையே ஏமாத்திக்கினு இருந்திருக்கீங்க. நல்லா இருக்குதும்மா உங்க சாமர்த்தியம்."

டீச்சர் என்னை ஒருமுறை பார்த்தார். வழக்கம்போலத் தலை ஆடிற்று. "ஆமாங்க. சாருக்குத் தெரியாதுங்க" என்றார்.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அதற்கும் சரி. பெற்றோர் காசு கட்டிய புத்தகம் பிரிக்கப்படவே இல்லை என்று வெளியே தெரிந்தால் பள்ளிக்குக் கெட்ட பேர். அதனால் உடம்பு சரியில்லாமல் நின்றுவிட்டார் என்று சொல்லிக்கொண்டார்கள். ஊர் நம்பியது.

அவர் வீட்டிலேயே டியூஷன் ஆரம்பித்தார் என்றும், பிள்ளைகள் நிறைய வருகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு நானும் ஆலோசகர் வேலையை விட்டேன். வயதாக ஆக, அந்த அறையில் அவர் சொன்ன பதில்தான் காதில் விழுந்துகொண்டிருந்தது. தாளாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"விடுங்க சார்" என்றார். "இப்ப வேற கம்பெனி வந்தாச்சு. இதக் கிளப்பினா எனக்குத்தான் பேஜாரு."

அவர் விடச் சொன்னதை நான் விடவில்லை. திண்டிவனம் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பழைய ஆலோசகர் என்று என்னை அழைத்திருந்தார்கள். மேடையில் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிகள் பிரிக்கப்படாமல் இருந்தது, அதை நான் பார்த்தது, மறைத்தது, பழியை ஒரு பெண்ணின் தலையில் போட்டது, எல்லாம். தாளாளர் முகம் கறுத்துப்போனது.  கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். கீழே இறங்கியபோது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலத்துல யாரு சார் இப்டி ஒத்துக்கறாங்க?" என்றார். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

சில வாரம் கழித்து டீச்சர் வீட்டுக்குப் போனேன். நல்ல செய்தி சொல்லப் போகிறவனைப் போலத்தான் போனேன். வாசலில் பாயை உதறிக்கொண்டிருந்தவர் உள்ளே வரச் சொன்னார். நாற்காலி போட்டார். டீ கொடுத்தார்.

"நல்லா பேசினீங்களாமே சார். கை தட்னாங்களாம்."

"நான் ரொம்ப நாள் முன்னாடியே செஞ்சிருக்கணும்மா."

"அதுக்கு அடுத்த நாள்லேர்ந்து டியூஷன் பசங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க." குரலை உயர்த்தவில்லை. "நான் உடம்பு முடியாம நின்னதாத்தான் சார் எல்லாரும் நெனச்சிக்கினு இருந்தாங்க. இப்ப, எங்ககிட்ட காசு வாங்கிக்கினு புக்க மூடியே வச்சிருந்துச்சே இந்தப் பொம்பளன்னு பேசறாங்க. ஒரு அம்மா வாசல்ல நின்னே கேட்டுட்டுப் போச்சு. அது பொய் இல்லியே, நான் என்னன்னு சொல்றது?"

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"மேடை ஏறறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்னக் கேட்டிருக்கலாம் இல்ல சார்?"

உண்மைதான். இத்தனை காலத்தில் அவரிடம் நான் எதையும் கேட்டதே இல்லை. சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். மீட்டிங்கில் அபிப்பிராயம் கேட்டபோதுகூடப் பதிலை முதலிலேயே என் முகத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் கேட்டேன். இப்போதாவது கேட்போம் என்று, "நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்றேன்.

"எதுவும் வேணாங்க. என்னப் பத்தி இனிமே யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்க. நாலஞ்சி புள்ளைங்க இன்னும் வந்துகினு இருக்குதுங்க. நீங்க இங்க இருக்கறதப் பாத்தாங்கன்னா அவங்க அம்மாங்களும் மறுபடி ஆரம்பிப்பாங்க. கெளம்புங்க சார்."

தெருமுனைக்கு வந்தேன். எதிரே ஓர் இளம் தாய், தோளில் பை மாட்டிய ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"சார், அன்னிக்கு ஆண்டு விழாவுல பேசினது நீங்கதானே?"

தெரியாத ஆள்போலப் போயிருக்க வேண்டும். நின்றேன்.

"அந்த டீச்சர்கிட்டத்தான் இவள அனுப்பிக்கினு இருக்கேன். எங்க வீட்டுக்காரரு வேணாங்கிறாரு. நீங்களே சொல்லுங்க சார், அனுப்பலாமா?"

"தாராளமா அனுப்புங்க. அவங்ககிட்டப் படிச்ச பிள்ளைங்கதான் நல்லாப் படிச்சாங்க."

"புக்கே பிரிக்கலன்னீங்களே?"

"பிரிக்கலைதான். ஆனா..."

எழுத்துக்கூட்டுவது எப்படி வருகிறது, ஒரு திட்டம் ஓர் ஊருக்குப் பொருந்துவதும் பொருந்தாமல்போவதும் எதனால், தவறு யாருடையது என்று விளக்க ஆரம்பித்தேன். டீச்சர் அப்போதுதான் என்னிடம் சொல்லி அனுப்பியிருந்ததை மீறிப் பேசிக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் கடைசிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "அப்படிங்களா" என்றாள். பிறகு மகளின் தோளைப் பிடித்து, வந்த வழியே திருப்பினாள்.

"ஏம்மா, மிஸ் வூட்டுக்குப் போவலியா?" என்று கேட்டது பிள்ளை.

"நாளைக்குப் போலாம், வா."